பாதி வேலையில் பிட் மாற்றினால் இசட் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தை வெட்டும் சிஎன்சி ரூட்டரில் ஒரே பிட்டில் (சுழன்று வெட்டும் கருவியில்) முடிகிற வேலை அபூர்வம். அடி தட்டையான 6 மி.மீ. எண்ட் மில்லில் மரத்தை வழித்துத் தள்ளிவிட்டு, வளைவுகளுக்கு முனை உருண்ட 3 மி.மீ. பால் நோஸ், எழுத்துக்குக் கூர்மையான வி பிட், கடைசியில் ஓரம் வெட்ட மறுபடியும் எண்ட் மில் என்று போகும். நான் பார்த்தவரை, வெட்டும்போது கெட்ட பலகைகளைவிட பிட் மாற்றிய பிறகு கெட்டவைதான் அதிகம். டிசைன் சரியாக இருக்கும், பிட்டும் புதிதாக இருக்கும். ஆழம் மட்டும் அரை மில்லி கூடியோ குறைந்தோ போயிருக்கும்.

மெஷினுக்குப் பிட்டின் நீளம் தெரியாது. பிட்டைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் அதற்குத் தெரிந்த கணக்கு; மேலும் கீழுமான அந்த அச்சுக்குத்தான் இசட் என்று பெயர். முதல் பிட்டின் முனை பலகையைத் தொட்டபோது “இதுதான் இசட் ஜீரோ” என்று நாம் சொல்லிக்கொடுத்ததை நம்பி ஓடுகிறது. அடுத்த பிட், ஸ்பிண்டிலில் பிட்டைக் கவ்வும் கொலெட்டுக்கு வெளியே 4 மி.மீ. கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தால், அந்த 4 மி.மீ. அப்படியே பலகைக்குள் இறங்கும்.

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் அநேகமாக எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அண்ணே, பிட்டுல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு, எப்பவும் அதே கோடு வரைக்கும் உள்ள விட்டா போதாதா?” கேள்வி நியாயமானதுதான். நட்டை முறுக்கும்போது என்ன நடக்கிறது என்று கையில் காட்டினால்தான் பதில் புரியும். இஆர் என்ற வகைக் கொலெட் கூம்பு வடிவம். நட்டு இறுக இறுக, கொலெட் ஸ்பிண்டிலுக்குள் மேலே ஏறிக்கொண்டே பிட்டைக் கவ்வும். கவ்விய பிட்டையும் கூடவே கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு இழுக்கும் என்பது இறுக்கும் பலத்தையும், உள்ளே ஒட்டியிருக்கும் தூசியையும் பொறுத்தது. கோடு கண்ணுக்கு அதே இடத்தில்தான் தெரியும், முனை அதே இடத்தில் இருக்காது. கடைசி முறுக்கு முடிந்த பிறகு எடுக்கிற ஜீரோதான் ஜீரோ.

ஜீரோவை மறுபடி எடுப்பது இரண்டு நிமிட வேலை. எங்கே எடுப்பது என்பதில்தான் சிக்கல். முதல் பிட்டுக்குப் பலகையின் மேற்பரப்பில் எடுத்திருப்போம். ரஃபிங் (மரத்தை வழித்துத் தள்ளும் முதல் வெட்டு) முடிந்து பார்த்தால் அந்த மேற்பரப்பையே பிட் தின்றிருக்கும். மிச்சமிருக்கும் ஓரத்தில் எடுக்கலாம் என்றால், பலகை எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. கிளாம்ப் போட்ட பக்கம் அமுங்கி, நடுவில் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும். அதனால் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இடத்தைத்தான் நான் நம்புவேன். டேபிளின் ஒரு மூலையில் தட்டையான ஒரு இரும்புத் துண்டை ஸ்க்ரூ போட்டு நிரந்தரமாக வைத்திருக்கிறேன். முதல் பிட்டில் வழக்கம்போல் பலகை மேல் ஜீரோ எடுத்ததும், வெட்டத் தொடங்கும் முன்பே, அதே பிட்டை அந்த இரும்பின் மேல் கொண்டுபோய்த் தொடவைத்து, திரையில் இசட் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்வேன். மைனஸ் 4.35 என்று காட்டினால், பிட் மாற்றியதும் புதிய பிட்டை அதே இரும்பின் மேல் தொடவைத்து, ஜீரோ என்று கொடுக்காமல் மைனஸ் 4.35 என்று கொடுக்க வேண்டும். பழைய பிட்டும் புதிய பிட்டும் இப்போது ஒரே கணக்கில் வந்துவிட்டன. பலகையின் மேற்பரப்பு இருந்தால் என்ன, போனால் என்ன. டூல் செட்டர் (பிட்டின் நீளத்தை அளக்கும் சென்சார்) பொருத்திய மெஷின்கள் இதையேதான் தானாகச் செய்கின்றன.

இந்த இடத்தில் தொடவேண்டியது இசட் ஒன்றை மட்டும். பக்கவாட்டு அச்சுகளான எக்ஸும் ஒய்யும் முதல் பிட்டுக்கு வைத்தபடியே கிடக்கட்டும். எல்லா அச்சையும் ஒரே தட்டில் ஜீரோவாக்கும் பட்டனை எவர் கண்டுபிடித்தாரோ, அதைப் பிட் மாற்றும் நேரத்தில் மூடிவைக்க ஒரு மூடியும் கொடுத்திருக்கலாம்.

அளக்கும் முறையையும் ஒரே வேலைக்குள் மாற்றக்கூடாது. சாதாரண பிரிண்டர் தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். தாளை அடியில் வைத்து, அது மாட்டிக்கொள்ளும் இடத்தை ஜீரோ என்று கொடுத்தால், எல்லா வெட்டும் 0.1 மி.மீ. மேலே நிற்கும். எல்லாப் பிட்டுக்கும் அதே தாள் என்றால் பிழையும் ஒரே அளவில் சேர்ந்து வருவதால் குழியின் அடிப்பரப்பு ஒன்றாகவே இருக்கும். முதல் பிட்டுக்குத் தாள், இரண்டாவதற்கு டச் பிளேட் (பிட் தொட்டதும் மெஷினுக்குத் தெரிவிக்கும் உலோகத் தகடு) என்று போனால்தான் வம்பு: இரண்டு வெட்டும் சேரும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டும் அளவுக்கு ஒரு படி விழும். பெயின்ட் அடித்த பிறகு அந்தப் படி இன்னும் நன்றாகத் தெரியும்.

வி பிட்டில் இன்னும் கறார் வேண்டும். அதில் ஆழம்தான் அகலம். 90 டிகிரி வி பிட் 0.2 மி.மீ. கூடுதலாக இறங்கினால் எழுத்தின் கோடு 0.4 மி.மீ. அகலமாகிவிடும். பெரிய போர்டில் அது யாருக்கும் தெரியாது. விரல் நகம் உயரத்துக்கு எழுதும் பெயர்ப்பலகையில் எழுத்தின் உட்குழிகள் அடைத்துக்கொள்ளும். அதனால் எழுத்து வேலைக்கு மட்டும், எழுத்து விழும் இடம் இன்னும் வெட்டப்படாமல் இருந்தால், அந்தப் பரப்பின் மேலேயே நேராகத் தொட்டு ஜீரோ எடுப்பேன். முழுக்க அறுத்து வெளியே எடுக்கும் வெட்டுக்கு இது நேர் எதிர்: அங்கே டேபிளின் மேல்தான் ஜீரோ. ஏனென்றால் 18 மி.மீ. என்று வாங்கும் ஷீட் வெர்னியரில் 17.7 காட்டுவது சகஜம்.

எப்போதும் புதிய பிட்டைச் சந்தேகிக்கும் பழக்கமும் சரியல்ல. ஒருமுறை எங்கள் பட்டறையில் நீளமான கதவுப் பலகை ஒன்றில் 8 மி.மீ. குழி ஓடியது. முதலில் எண்ட் மில், அடுத்து பால் நோஸ். இரண்டாவது பிட் ஒரு மூலையில் அழகாக உரசிக்கொண்டு போனது. எதிர்மூலைக்குப் போகப் போகக் காற்றில் ஓடியது. நின்றிருந்த எல்லோரும் பால் நோஸின் செட்டிங்கைத்தான் குறை சொன்னார்கள். வெர்னியரின் பின்பக்கக் கம்பியைக் குழிக்குள் விட்டு அளந்தால், தொடங்கிய மூலையில் 8, முடிந்த மூலையில் 8.6. முதல் பிட் வெட்டிக்கொண்டே கீழே நழுவியிருக்கிறது. அப்கட் பிட் மரத்தூளை மேலே தள்ளும்போது தன்னைத்தானே கீழே இழுக்கும். கொலெட்டின் பிடி தளர்ந்தால் வெளியே வந்துவிடும். கொலெட்டைக் கழற்றிப் பார்த்தபோது அதன் வெட்டுக்கீற்றுகளுக்குள் பிசினும் தூளும் கல்லாக இறுகிக் கிடந்தன. அதிலிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொலெட்டை நட்டிலிருந்து கழற்றி, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ‘டக்’கென்று நட்டுக்குள் உட்காரவைத்த பிறகே மாட்டுகிறோம்.

பிட் மாற்றும்போது ஸ்பிண்டில் கட்டாயம் நின்றிருக்க வேண்டும், ஸ்டார்ட் ஆக வழியே இருக்கக்கூடாது. ஆனால் அச்சு மோட்டார்களின் கரண்டை நிறுத்திவிட்டால், கனமான ஸ்பிண்டில் தன் எடையிலேயே இறங்கலாம். எக்ஸும் ஒய்யும் பிடி விட்டுவிடும். ஸ்பேனர்களை ஆளுக்கொரு திசையில் இழுத்தால் ஸ்பிண்டிலைத் தாங்கும் கேன்ட்ரி முழுவதும் அசையும். இரண்டையும் குறுகிய கோணத்தில் மாட்டி, ஒரே உள்ளங்கையில் சேர்த்து அமுக்கினால் பலம் நட்டோடு நின்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டாவது பிட்டுக்கான வெட்டு ஃபைலை நேராக ஓட்டமாட்டேன். ஸ்பிண்டில் சுற்றாமல், முதல் பிட் வெட்டிய குழிக்கு மேலே புதிய முனையை நிறுத்துவேன். குழி 5 மி.மீ. என்றால், முதலில் மைனஸ் 4 வரை, அங்கிருந்து மெதுவாக மைனஸ் 4.9 வரை இறக்கி, அடியில் தாளை நகர்த்திப் பார்ப்பேன். தாள் லேசாகப் பிடிக்க வேண்டும். தாராளமாக ஓடினாலோ, 4.9 வருமுன்பே மாட்டிக்கொண்டாலோ, கொலெட்டைக் கழற்றுவதிலிருந்து மறுபடி ஆரம்பம்.