பொங்கலுக்குள் வளவு தயாராகணும்

காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீடு. வளவு என்போம். ஐயாவின் அப்பா பர்மாவில் கொண்டுவிற்று, அதாவது கொடுக்கல் வாங்கல் தொழில் செய்து, சம்பாதித்துக் கட்டியது. 1942இல் ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததோடு வரும்படி நின்றது. அதற்குப் பிறகு வெள்ளையடித்ததைத் தவிர யாரும் பெரிதாகச் செலவு செய்யவில்லை.

வேலையைவிடப் பங்காளிகளைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "வருஷத்துல ரெண்டு நாள் தங்குற வீட்டுக்கு இவ்வளவா?" என்றார் சித்தப்பா. "சரி, உன் பேரன் கல்யாணத்துக்கு மண்டபம் பாத்துக்க" என்றார் பெரியப்பா. அதோடு பேச்சு முடிந்தது. செலவு பங்குக்கு இவ்வளவு, பொங்கல் வளவில்தான் வைக்க வேண்டும் என்று முடிவானது.

முதலில் கூரை. ஐப்பசி மழைக்கு முன்னால் நாட்டு ஓட்டைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி, திரும்ப அடுக்கினார்கள். கதவுக் கீல், கொண்டி எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வாங்கினோம். யாரோ இடித்த வீட்டுச் சாமான்தான். விலை பேசும்போது மனசுக்கு என்னவோ போலத்தான் இருந்தது.

அதிகம் இழுத்தது சுவர். முன்பு எப்போதோ ஈரம் தெரிந்த இடத்திலெல்லாம் சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று, உப்புப் பூத்து, பக்கத்துப் பூச்சும் பொரிந்து உதிர்ந்திருந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுவரைக் காயவிட்டோம். கொத்தனார் காலையில் வருவார், புறங்கையைச் சுவரில் வைப்பார், "இன்னும் குளிருது" என்று போய்விடுவார். அவசரப்படுத்தினால் சிரிப்புத்தான் பதில். காய்ந்த பிறகு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரை. ஒரு பூச்சு இறுகிய பின்தான் அடுத்தது. கடைசிப் பூச்சுக்கு வெண்ணெயாய் அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு. ஈரம் இழுக்க இழுக்கக் கூழாங்கல்லால் தேய்த்தார்கள். தேய்த்த இடத்தில் ஜன்னல் கம்பியின் நிழல் தெரிந்தது.

தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல். கண்ணாடித் தகட்டில் அச்சு வைத்துச் சாயத்தைக் கையால் ஊற்றிச் செய்வது, சூளையே கிடையாது. அதே பூ கிடைத்தது, ஆனால் புதுக்கல் பளீரென்று தனியாகத் தெரிந்தது. அதனால் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டிலிருந்த பழைய கல்லைப் பெயர்த்து முகப்பில் பதித்து, புதுசை உள்ளே போட்டோம். ஆச்சியின் யோசனை அது.

மார்கழி கடைசியில் பெண்கள் கைக்கு வீடு வந்தது. பர்மாத் தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் தடவி, புளி போட்டுப் பித்தளை துலக்கி, நிலைகளில் மாவிலை கட்டியாயிற்று. நடுவீட்டுக் கோலத்தைப் பச்சரிசி மாவில் அப்பத்தா சொல்லச் சொல்லச் சின்னப் பெண்கள் போட்டார்கள். சென்னையில் ஸ்டிக்கர் ஒட்டிப் பழகிய கைகள். இழை கோணியது, அப்பத்தா அழிக்க விடவில்லை. தைப்பொங்கலன்று பால் பொங்கியதும் சங்கு ஊதப் போய் ஆளாளுக்குக் காற்றுத்தான் வந்தது. கடைசியில் பெரியப்பா ஊதினார்.

மூன்றாங்கட்டு இன்னும் அப்படியே கிடக்கிறது. அடுத்த மழைக்குள் அங்கே கூரை ஓடுகளையாவது மாற்ற வேண்டும். பணம் பிரிக்கிற வேலையைச் சித்தப்பாவிடமே கொடுத்திருக்கிறோம்.