உடன்படிக்கையை எங்கே வாசித்தீர்?

சட்டமாணி இறுதி ஆண்டில் நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை கச்சதீவு பற்றியது. வாய்மொழித் தேர்வில் எதிரே இருந்த சேர் அதை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "1974 உடன்படிக்கை இந்திய மீனவர் மீன்பிடிப்பதைத் தடை செய்தது என்று எழுதியிருக்கிறீர். எந்த உறுப்புரை?"

நான் முழித்தேன். "சரி, உடன்படிக்கையை எங்கே வாசித்தீர்?" என்றார். நான் வாசித்தது ஒரு சீனியர் அண்ணா தந்த ரியூட்டை, அதாவது வகுப்புக் குறிப்பை. அதுவும் போட்டோகொப்பியின் போட்டோகொப்பி. திருத்தித் தரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளவத்தை அறைக்குப் போய் அன்றிரவே, இந்தியாவும் இலங்கையும் செய்த அந்த உடன்படிக்கையின் மூலப்பாடத்தைத் தேடி எடுத்தேன். இரண்டு மூன்று பக்கம்தான். உறுப்புரை 4, எல்லைக்கோட்டின் அவரவர் பக்கத்து நீரும் தீவுகளும் அவரவர் இறைமைக்குள் என்கிறது. 5, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வரலாம், அதற்கு விசா வேண்டியதில்லை என்கிறது. 6, இரு நாட்டுக் கலங்களுக்கும் மற்றவர் நீரில் மரபாக இருந்த உரிமைகள் தொடரும் என்கிறது. தடையைக் காணவில்லை. அது 1976 மார்ச் 23 இல், மன்னார் வளைகுடா எல்லை உடன்படிக்கை கைச்சாத்தான அதே நாளில், இரு அரசுகளின் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. நான் தேட வேண்டியது உறுப்புரையை அல்ல, கடிதத்தை.

கடிதம் உடன்படிக்கையாகுமா என்பது தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி. கட்டார் எதிர் பஹ்ரைன் வழக்கில் 1994 இல் சர்வதேச நீதிமன்றம் ஒரு கூட்டக் குறிப்பையே கடப்பாடு தரும் உடன்படிக்கை என்று ஏற்றது. ஐ.நா. செயலகத்தில் அது சுமார் ஆறு மாதம் பிந்திப் பதிவாகியிருந்ததும் அதன் வலிதைப் பாதிக்கவில்லை. இதை எழுதாமல் ஐ.நா. சாசனத்தின் உறுப்புரை 102 ஐ விளக்கப் போகாதீர்கள். பதிவு செய்யாவிட்டால் உடன்படிக்கை செல்லாது என்று எழுதுகிறவர்கள் அதிகம். அது ஐ.நா.வுக்கு முன்பிருந்த பழைய சர்வதேச சங்கத்தின் உடன்பாட்டில் உறுப்புரை 18 இன் வாசகம். 102 சொல்வது வேறு: பதிவாகாததை ஐ.நா. உறுப்புகளின் முன் எடுத்துக்காட்ட முடியாது, அவ்வளவுதான்.

தேடும் முறைக்கு வருகிறேன். ஐ.நா. உடன்படிக்கைத் தொடர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிரபலப் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. "கச்சதீவு உடன்படிக்கை" என்பது நாம் வைத்த பெயர், தலைப்பில் இருப்பது "வரலாற்று நீர்ப்பரப்பின் எல்லை". நாட்டையும் கைச்சாத்தான ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள். கிடைத்ததும் உள்ளே பாயாமல் முதல் பக்கத்தின் சிறிய எழுத்துகளைப் பாருங்கள். கைச்சாத்தான இடம், நாள், வலுவுக்கு வந்த நாள், அதிகாரபூர்வ மொழி, எந்த நாடு எப்போது பதிவு செய்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். 1974 உடன்படிக்கை கொழும்பில் ஜூன் 26, புதுடில்லியில் ஜூன் 28 என இரண்டு நாளில் கைச்சாத்தாகி, ஜூலை 8 இல் வலுவுக்கு வந்தது. நான் மூன்றையும் குழப்பியிருந்தேன்.

1955 டிசம்பருக்கு முந்தியவற்றில் இன்னொரு சிக்கல். அதுவரை இலங்கை ஐ.நா. உறுப்பினரே அல்ல. 1952 இன் இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தை எடுத்தால், மறுதரப்பான பீஜிங் அரசுக்கும் அப்போது அங்கே ஆசனம் இல்லை. ஆகவே பதிவு செய்யும் கடமை இரு பக்கமும் இல்லை. இப்படிப்பட்டவற்றுக்கு அரசாங்கம் அச்சிட்ட இலங்கை உடன்படிக்கைத் தொடர் என்ற மெல்லிய வெளியீடுகளை நூலகங்களில் தேடுங்கள். கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களமும் இருக்கிறது. கணினியில் தேடிப் பழகிய எனக்கு அட்டவணைப் புத்தகத்தை விரலால் தடவித் தேடுவது முதல் நாள் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஓர் உடன்படிக்கை உள்நாட்டில் எப்படிச் சட்ட வலுப் பெற்றது என்று தேடினால், எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. இரட்டை வரி உடன்படிக்கைகளை அதிவிசேட வர்த்தமானியில் தேட வேண்டும். சித்திரவதைக்கு எதிரான சமவாயம் 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக உள்ளே வந்தது. முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை என்றால் அரசியலமைப்பின் உறுப்புரை 157: பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் அங்கீகரித்தால் அதற்குச் சட்ட வலு உண்டு. இந்த வகைக்கு நல்ல உதாரணம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. 1987 இல் அங்கே ஓர் இறால் பண்ணை அழிந்ததற்காக, 1980 இன் பிரித்தானிய-இலங்கை உடன்படிக்கையைக் காட்டி முதலீட்டாளர் கம்பனி நட்டஈடு கேட்டது. 1990 இல் தீர்ப்பு வந்தது. இருதரப்பு முதலீட்டு உடன்படிக்கையை வைத்து இக்சிட் (உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறு தீர்க்கும் மையம்) தீர்ப்பாயம் முடிவு செய்த முதல் வழக்கு அது. பாஸ்ட் பேப்பரில் வெளிநாட்டு வழக்குகளை மனப்பாடம் செய்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

சிங்கராசா வழக்கிலும் கவனம். 1997 இல் ஜனாதிபதி, குடியியல் அரசியல் உரிமைகள் சமவாயத்தின் விருப்பத்துக்குரிய நெறிமுறையில் (தனிநபர் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட வழிதருவது) இணைந்தது அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் 2006 இல் சொன்னது. ஐ.நா. பட்டியலிலோ இலங்கை இன்றும் அந்த நெறிமுறையின் தரப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் விடை தானாக நிமிரும்.

வெளியிடப்படாத ஒன்று தேவையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிறநாட்டு உறவுக்குப் பாரிய பாதிப்பு என்று மறுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யுமுன்னரே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், தமிழில் எழுதுகிறவர்களுக்கு: ஒரே ஆவணத்தைச் சிலர் சமவாயம் என்பார்கள், சிலர் பொருத்தனை, சிலர் உடன்படிக்கை. முதல் பக்கத்திலேயே ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கடைசிவரை அதையே பிடியுங்கள். நான் திருத்திக் கொடுத்த பிரதியில் 1976 கடிதத்தைப் பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தேன். சேர் முதலில் திறந்தது அந்தப் பக்கத்தைத்தான்.