மியூன்ஸ்டர் வீட்டில் பத்து மாதங்கள்

பத்தாம் வகுப்பு முடித்ததும், மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழியாக ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகருக்குச் சென்று, ஒரு குடும்பத்துடன் பத்து மாதங்கள் தங்கி அங்குள்ள ஜிம்னாசியத்தில் படித்தேன். பல்கலைக்கழகத்தை நோக்கிப் படிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கு அங்கே அதுதான் பெயர். நான் உடற்பயிற்சி செய்யப் போகிறேன் என்றே மதுரையில் என் பாட்டி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காகித வேலைகள் அலைச்சல் தந்தன, அவ்வளவுதான். எனக்கு வயது பதினாறு என்பதால் பெற்றோர் இருவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய, இந்தப் பெண் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று வீட்டார் கையெழுத்திட்ட படிவம் வேண்டியிருந்தது. அந்தக் கையெழுத்தைப் போட்டவர்களை எப்படி அழைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. பெயர் சொல்லி, "டூ" என்று ஒருமையில் அழைக்கச் சொன்னார்கள். என் அம்மாவை விட மூத்தவரைப் பெயர் சொல்ல நா எழவில்லை. இரண்டு வாரம் அவர்களை எதுவும் சொல்லி அழைக்காமலேயே, அவர்களாக என் பக்கம் திரும்பும்வரை சமையலறை வாசலில் நின்று காலத்தை ஓட்டினேன்.

இரவு உணவு ஆறரை மணிக்கு: ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், மற்றவர்களுக்கு இறைச்சித் துண்டுகள். அடுப்பே பற்றவைப்பதில்லை. இன்னும் வேண்டுமா என்று கேட்பார்கள். மரியாதைக்காக வேண்டாம் என்பேன். ரொட்டிக்கூடை உடனே அலமாரிக்குப் போய்விடும். மறுபடி கேட்பார்கள் என்று காத்திருந்து, ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கைப் போர்வைக்குள் வைத்துத் தின்ற இரவுகள் உண்டு.

பள்ளியிலும் இதே கதைதான். அங்கே மதிப்பெண் 1 முதல் 6 வரை, 1தான் உயர்ந்தது. எழுதும் தேர்வோடு வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் கணிசமான மதிப்பெண் உண்டு. கணக்குத் தேர்வில் 2 வாங்கிய எனக்குப் பேச்சுக்கு 5 போட்டிருந்தார்கள். கேட்காமல் பேசாததை நல்ல பழக்கமென்று வளர்ந்தவள் நான். ஆசிரியர் அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் விஷயம் முற்றியது. அந்த வீட்டில் துணி காயப்போடும் கொடி நிலவறையில் இருந்தது. உள்ளாடைகளை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடக் கூச்சப்பட்டு, வேறு இடம் உண்டா என்று கேட்கவும் கூச்சப்பட்டு, அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலையும் இறுக மூடி, ஹீட்டரை முழுதாகத் திருகிவைத்து அதன்மேலேயே காயப்போட்டு வந்தேன். துணியிலிருந்து எழுந்த ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் நீராகப் படிந்து, அலமாரிக்குப் பின்னால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பூஞ்சை பிடித்துவிட்டது. வாடையைக் கண்டுபிடித்த அந்த வீட்டு அப்பா அலமாரியை இழுத்துப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார். அன்றிரவே, வேறு குடும்பம் பார்த்துத் தாருங்கள் என்று திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளருக்கு எழுதினேன். முதலில் அவர்களிடம் பேசிப் பார் என்று பதில் வந்தது.

சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கொடி, கூச்சம், பசி எல்லாவற்றையும் சொன்னேன். நாள் முழுதும் கதவைச் சாத்திக்கொண்டிருந்ததால் எங்களைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தோம் என்றார் அந்த அம்மா. "கேட்டிருக்கலாமே" என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார். மறுநாள் அந்த அப்பா சுவரை ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தபின், ஒரு நாளைக்குச் சில தடவை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்றை மாற்றி மூடும் முறையைக் காட்டினார்; ஜன்னலைச் சற்றே சாய்த்துவைத்து விடிய விடிய விட்டால் சுவர்தான் குளிரும் என்றார். மடிக்கும் கொடி ஒன்று குளியலறைக்கு வந்தது. அதன்பின் இரண்டாவது ரொட்டியைக் கேட்டே வாங்கினேன். பேச்சுக்கான மதிப்பெண் ஆண்டு முடிவில் 3 ஆயிற்று.

கோடை தொடங்கும் வேளையில், பக்கத்து ஹாம் நகரில் ஈழத்தமிழர்கள் எழுப்பியிருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு அவர்களை அழைத்துப் போனேன். தொழிற்பேட்டை ஓரத்தில் கோபுரத்தைக் கண்டு அவர்கள் வாயடைத்து நின்றார்கள். சாப்பாட்டு வரிசையில் அந்த அம்மா "நைன், டாங்கே" (வேண்டாம், நன்றி) என்று இருமுறை தெளிவாகச் சொல்லியும், பரிமாறிய யாழ்ப்பாணத்து அம்மா "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ" என்றபடியே இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டார். திகைத்து என்னைப் பார்த்தவரிடம், உண்மையிலேயே வேண்டாமென்றால் தட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து மறைக்க வேண்டும் என்று செய்து காட்டினேன்.