ஆடி முடிவதற்குள்

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. விடிவதற்கு முன்பே அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிட்டது. மைக் பெட்டியிலேயே கிடக்கட்டும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. ஞாயிறு கூழ் ஊற்றுவார்கள், அன்றும் இதே கதை. மிச்ச நாட்களில் இரவு பதினொன்றுக்கு மேல், தெரு அடங்கி, ஃபேனையும் நிறுத்தினால்தான் உண்டு. ஆவணி பிறந்ததும் வீடு மாற்ற வண்டி சொல்லியாயிற்று. அதற்குள் இந்தப் பாட்டை இந்த அறையிலேயே பதிந்து முடிக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

நிஷாதம் மறுபடியும் வீங்குகிறது.

கரகரப்ரியா ராகம், ஒரு கட்டை சுருதி, அதாவது கீபோர்டின் சி. பல்லவி கீழ் ஸ்தாயி நிஷாதத்தில் வந்து உட்காரும்போது மட்டும் பானைக்குள் தலையை விட்டுப் பாடியது போல ஒரு முழக்கம். சட்ஜமத்தில் இல்லை, ரிஷபத்தில் இல்லை.

கணக்குப் போட்டால் விஷயம் புரிகிறது. அறை 12 × 10 அடி, உயரமும் 10. இந்த வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். பத்தடி என்பது 3.05 மீட்டர். போய்த் திரும்பும் தூரமான 6.1-ஆல் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ், அறை தானாகவே முழங்கும் அதிர்வெண். அதன் இரட்டிப்பு 114. அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் இரண்டு முழக்கமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. ஒரு கட்டையில் கீழ் நிஷாதம் 116.5 ஹெர்ட்ஸ். நேரே குழிக்குள் போய் விழுகிறது. பாட்டு அதற்குக் கீழே இறங்காதது நல்லதாய்ப் போயிற்று. தைவதம் 110, அதுவும் பக்கத்து வீடுதான்.

ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 115-ஐ அகலமாக இறக்கினால் சட்ஜமமும் சேர்ந்து மெலிகிறது. குறுகலாக இறக்கினால் சட்ஜமத்திலிருந்து நிஷாதத்துக்குக் குரல் சறுக்கி வரும் இடத்தில் ஓட்டை தெரிகிறது. முட்டை அட்டை ஒட்டச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 115 ஹெர்ட்ஸ் அலையின் கால்வாசி நீளமே இரண்டரை அடி. அட்டை என்ன செய்யும் அதை?

ஜூலை 20, ஞாயிறு

கூழ் நன்றாக இருந்தது.

ஜூலை 21, திங்கள்

அதே இரண்டரை அடிதான் விடையும். 114-இல் அழுத்தம் கூடுவது இரு சுவர் ஓரத்திலும் சரிநடுவிலும். அடங்குவது கால்வாசியிலும் முக்கால்வாசியிலும். பத்தடியில் கால்வாசி இரண்டரை அடி. நின்று பாடினால் வாய் ஐந்தடி உயரத்தில், தரைக்கும் கூரைக்கும் நட்டநடுவே, இருப்பதிலேயே மோசமான இடத்தில். சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வாய் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்துக்கு வந்துவிடும். பக்கச் சுவரிலிருந்தும் இரண்டரை அடி தள்ளி உட்கார்ந்தால் உயரம், அகலம் இரண்டின் கணக்கும் ஒரே நேரத்தில் தீரும். மைக்கும் அதே உயரத்தில். தரையிலிருந்து திரும்பும் ஒலிக்கு ஜமக்காளம், நான்காக மடித்து, முழங்காலுக்கு முன்னால்.

அலை எடிட்டரில் பார்த்தாலே தெரிகிறது, நிஷாதம் இப்போது சட்ஜமத்தின் அளவிலேயே நிற்கிறது.

பீரோ வேறு. கதவுக்குள் தொங்கும் ஹேங்கர்கள் 200 ஹெர்ட்ஸ் பக்கம் சிணுங்குகின்றன. ஹேங்கர்களைக் கழற்றி, பீரோ மேல் போர்வை.

ஜூலை 22, செவ்வாய்

சுருதியை ஒன்றரைக் கட்டைக்கு ஏற்றினாலும் தப்பிக்கலாம். நிஷாதம் 123.5-க்குப் போய்விடும். ஆனால் சரணத்து மேல் பஞ்சமம் அப்போது தொண்டையைப் பிடிக்கிறது. ஒரு கட்டையே இருக்கட்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட் வியாழன் என்கிறார்கள்.

ஜூலை 24, வியாழன்

கரண்ட் போய் வந்த பிறகு கிட்டார் ட்ராக்கில் உறுமல். சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் போகிறது. அப்படியென்றால் எர்த் வளையம்: சார்ஜர் ஒரு பிளக்கில், மானிட்டர் ஸ்பீக்கர் எதிர்ச் சுவர் பிளக்கில், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆடியோ கேபிள். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குக் கொண்டு வந்தால் அடங்குகிறது. எர்த் பின்னை வெட்டுவது தீர்வு அல்ல, ஷாக் அடித்துச் சாவதற்கு வழி.

கரண்ட் இல்லாத நேரத்து டேக் எல்லாம் குப்பை. சதுர அலை இன்வெர்ட்டர். 50-இன் ஒற்றைப்படை மடங்குகள், 150, 250, 350 என்று குரலின் மேலேயே வந்து உட்காருகின்றன. கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் எதையும் தொடாது. மின்னணு ஃபேன் ரெகுலேட்டரும் இதே ஜாதி. ஃபேனை ரெகுலேட்டரில் பூஜ்யத்துக்குத் திருப்பினால் போதாது, சுவிட்சையே அணைக்க வேண்டும்.

ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 25, வெள்ளி

ஸ்பீக்கர். எழுதவும் முடியவில்லை. அந்தப் பாட்டின் தாளம் இந்தப் பாட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஜூலை 26, சனி

இரண்டாம் சரணம். மெட்டின் அளவு, தத்தகாரத்தில்:

தான தனன தான தானா

இரண்டு வரி நிற்கின்றன.

மாடி வெயிலில் காயும் சேலை
மாறும் தெருவில் ஏது வாசல்

மூன்றாவதுதான் வம்பு. அதன் கடைசி அசை கீழ் நிஷாதத்தில் நான்கு அட்சரம், அதாவது நான்கு தாள எண்ணிக்கை, நிற்க வேண்டும். 'கூட வருமோ வேப்பங் காற்று' என்பது கருத்துக்குச் சரி, வாய்க்குச் சரியில்லை. 'று' குற்றியலுகரம், அரை மாத்திரைச் சரக்கு. நான்கு அட்சரம் இழுத்தால் 'காற்றூ' என்று ஊளையிடுகிறது. 'வாசல்' இரண்டாம் வரியில் தப்பிப்பது, அங்கே ஸ்வரம் குட்டை என்பதால். மூன்றாம் வரியில் போட்டால் 'வாசால்'. குறிலின் மேல் நீண்ட ஸ்வரம் விழுந்தால் கலம் காலமாகிவிடும். மெட்டுக்கு எழுதுகிறவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். பேப்பரில் அழகாகத் தெரிகிற வரி பாதிக்கு மேல் இங்கேதான் அடிபடும்.

வரி கிடைக்கவில்லை. பல்லவியும் முதல் சரணமும் முதலில் பதிவாகட்டும்.

ஜூலை 28, திங்கள்

இரவு 11.40. ஃபேன் சுவிட்ச் அணைத்து, ஃப்ரிட்ஜையும் அணைத்து (சாவிக்கொத்தை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் மறுபடி போட மறக்காது).

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். 'ப'வின் காற்றடியைத் தடுக்கும் பாப் ஃபில்டர் நடுவில், மைக்கிலிருந்து நான்கு விரல். இன்னும் நெருங்கினால் கீழ்க்குரல் தடிக்கும். முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் கார்டியாய்டு மைக்கின் சுபாவம் அது. இந்தப் பாட்டுக்கு அது வேண்டாம், நிஷாதம் ஏற்கெனவே ஒரு தொல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சத்தில் -10 டெசிபலைத் தாண்டாத அளவு கெயின். 24 பிட்டில் சத்தமாகப் பதிய வேண்டிய அவசியமே இல்லை. பஃபர் (கணினி ஒரு தடவையில் வாங்கும் ஒலித் துண்டு) 128, அதாவது 2.7 மில்லிசெகண்ட். போக, வர, கன்வர்ட்டர் எல்லாம் சேர்த்தாலும் காதுக்கு உறைக்காது. 512-இல் வைத்தால் தன் குரலே பின்னால் ஓடி வருவது போலத் தாளம் சரியும்.

பல்லவியும் முதல் சரணமும் ஆயிற்று. முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா அறை மட்டும். பிறகு கெயினை நன்றாக இறக்கிவிட்டு, வாய் இருந்த இடத்தில் பலூன் உடைத்துப் பதிவு, அறையின் எதிரொலிக்கு மாதிரி. எதிர்வீட்டு நாய் எழுந்துகொண்டது.

ஜூலை 29, செவ்வாய்

சுருதி திருத்தும் மென்பொருள் கரகரப்ரியா காந்தாரத்தைக் கண்டால் குழம்பிவிடும். அந்தக் காந்தாரம் எங்கேயும் நிற்பதில்லை, அசைவுதான் அது. தானியங்கி முறையில் வேகத்தைக் கூட்டினால் கமகம் படிக்கட்டாகிறது. மெலடைன் மாதிரி கையால் திருத்தும் கருவியிலும் ஒரு பொறி: ஆட்டத்தின் சராசரியை எடுத்து அதைத்தான் 'ஸ்வரம்' என்று காட்டும். அந்தச் சராசரி காந்தாரமும் இல்லை, ரிஷபமும் இல்லை. அதைக் கோட்டில் உட்கார வைத்தால் மொத்த கமகமும் கால்வாசி ஸ்வரம் நகர்ந்துவிடும்.

தொடக்கூடியவை நிற்கிற ஸ்வரங்கள் மட்டும். சட்ஜமம், பஞ்சமம், வரி முடிவுகள். அதிலும் நிற்கிற பகுதியை மட்டும் வெட்டிப் பிரித்து, ஏறி வரும் பகுதியை விட்டுவிட வேண்டும். காந்தாரம் சரியில்லை என்றால் திருத்தம் கிடையாது, மறுபடி பாடுவதுதான்.

ஜூலை 31, வியாழன்

கீபோர்ட் மூன்றாம் ஸ்வரத்தை விட்டால்தான் பாட்டு மூச்சுவிடுகிறது. சி மைனரில் காந்தாரம் ஆணி அடித்தாற்போல் நிற்கும், குரலில் அது ஆடும். இரண்டும் சேர்ந்தால் குரல்தான் அபஸ்வரம் போலக் கேட்கும். இதற்கு மேல் தம்பூரா. அதன் சட்ஜமத் தந்தியின் ஐந்தாவது மேற்சுரம் (அடிப்படை அதிர்வெண்ணின் ஐந்து மடங்கு) அந்தர காந்தாரம், இந்த ராகத்தின் காந்தாரத்தைவிட ஒரு படி மேலே, தானாகவே ஒலித்துக்கொண்டிருக்கும். ஆக மூன்று காந்தாரச் சண்டை. சட்ஜமம், பஞ்சமம், மேலே நிஷாதம் அல்லது ரிஷபம், அது போதும். தம்பூராவை 250-க்குக் கீழே வெட்டி, 12 டெசிபல் இறக்கிப் பின்னால்.

ஆகஸ்ட் 2, சனி

கஞ்சிரா. தோலுக்குள் இரண்டு சொட்டுத் தண்ணீர் தடவி, ஓரத்தில் அழுத்திச் சுருதி பார்த்து, உடனே பதிய வேண்டும். காயக் காயச் சுருதி ஏறும். நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) போல் துண்டுதுண்டாக எடுத்தால் ஒட்டும். முழுப்பாட்டையும் ஒரே மூச்சில் எடுத்தால் கடைசிச் சரணத்தில் வேறு வாத்தியம் மாதிரி இருக்கும். மைக் நேருக்கு நேர் வேண்டாம், விளிம்புக்குச் சாய்வாக, ஒரு அடி தள்ளி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. சித்ரான்னம். மூன்றாம் வரி இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புத்தகங்கள் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டன. அறை மாறிவிட்டது.

கை தட்டினால் இரண்டு வெறுஞ்சுவருக்கு நடுவே 'ட்ரர்ர்' என்று உதறல். புத்தக அலமாரி உயர் அதிர்வெண்களைச் சிதறடித்துக்கொண்டிருந்தது, இத்தனை நாள் வாடகை கேட்காமல். சோதனைக்கு முதல் சரணத்தில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மறுபடி பாடிப் பழைய டேக்குக்குள் பஞ்ச்-இன் செய்தால், உயிரெழுத்தில் ஒட்டுகிறது, 'த'வுக்கும் 'ட'வுக்கும் பின்னால் வருகிற வாலில் பிடிபடுகிறது. இரண்டாம் சரணம் இந்த அறையில் பதிவானால் வேறு வீட்டில் பாடியது போலத்தான் இருக்கும். உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

வழி: இப்போது எவ்வளவு வறட்சியாக முடியுமோ அவ்வளவு வறட்சியாகப் பதிந்து, பழைய அறையை மேலே பூசுவது. எதிரொலியைச் சேர்க்கலாம், எடுக்க முடியாது. துணி மூட்டைகளை முதுகுக்குப் பின்னால் தோள் உயரத்துக்கு அடுக்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் அடுக்கிப் பயனில்லை. கார்டியாய்டு மைக் பார்ப்பது பாடுகிறவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும்தான். இரண்டு பக்கமும் கொடி கட்டி கம்பளி.

ஜூலை 28 பலூன் ஒலியின் முதல் 250 மில்லிசெகண்டை மட்டும் வெட்டி, ரீப்பர் என்கிற பதிவு மென்பொருளின் எதிரொலிக் கருவியான ரீவெர்பில் போட்டால், சோதனைச் சொல் பழைய டேக்கோடு உட்காருகிறது. -16 டெசிபல் கலவையில். அடியில் அன்று பதிந்த அறை அமைதியையும் ஓடவிட்டால் ஒட்டு மறைகிறது.

அறை கிடைத்தாயிற்று, வரி கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

போன் ஸ்பீக்கரில் நிஷாதம் காணவே இல்லை!

மூன்று வாரமாக அடக்கிக்கொண்டிருந்த ஸ்வரம். சிறிய ஸ்பீக்கரில் 116 ஹெர்ட்ஸ் வெளியே வராது. மேற்சுரங்களை வைத்துக் காது அடிப்படைச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும், மேற்சுரங்கள் இருந்தால். பல்லவியில் ஓரிடத்தில் 'போகுது' என்று 'உ'வில் நிற்கிறது, அங்கே காணோம். இன்னோரிடத்தில் 'நிலா', அங்கே தெளிவாகக் கேட்கிறது. ஒரே ஸ்வரம், ஒரே மைக். 'உ', 'ஊ', 'ஈ' எல்லாவற்றுக்கும் வாய் வலுவூட்டுவது 300 ஹெர்ட்ஸ் பக்கம். 'ஆ'வுக்கு 700 பக்கம், அதாவது 116.5-இன் ஆறாவது மேற்சுரம். போன் ஸ்பீக்கர் அதைத் தாராளமாகக் கொடுக்கும்.

ஒலியை லேசாகச் சிதைத்து மேற்சுரங்களைக் கூட்டும் சாச்சுரேஷன் போட்டு 'உ'வைத் தூக்கலாம். கரகரப்பு வந்துவிடுகிறது. வரியை மாற்றுவது சுலபம். ஈக்யூவில் கிடைக்காதது எழுத்தில் கிடைக்கும். எழுதுகிறவரும் மிக்ஸ் செய்கிறவரும் ஒரே ஆள் என்பதில் இருக்கிற ஒரே வசதி இது. சம்பளம் இல்லை.

ஆக மூன்றாம் வரி 'ஆ'வில் முடிய வேண்டும். நெடில், மூடாத வாய், மெய்யெழுத்து வாலில் இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காற்றை மடித்துக் கட்டலாமா

தான தனன தான தானா. சரியாக இருக்கிறது. வேறு எதுவும் எழுத வேண்டாம் இன்று.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. அடுத்தது நவம்பரில்.

இரண்டாம் சரணம் மூட்டைகளுக்கு நடுவில் பதிவு. கம்பளிக்குள் நல்ல புழுக்கம்.

மிக்ஸ்: குரலுக்கு 80-இல் ஹை-பாஸ் (100-க்கு ஏற்றினால் நிஷாதம் மெலியும்), உரத்த இடங்களை அமுக்கும் கம்ப்ரெஷன் 3:1, அமுக்கத் தொடங்கும் அட்டாக் 15 மில்லிசெகண்ட், விடும் ரிலீஸ் 100, அதிகபட்சம் 5 டெசிபல் இறக்கம். அட்டாக்கை 2-க்குக் குறைத்தால் வல்லினமெல்லாம் மெல்லினமாகக் கேட்கும். டிலே: வேகம் 84, ஆக ஓர் அட்சரம் 714 மில்லிசெகண்ட், அரை அட்சரம் 357. ரிவெர்புக்குப் போகும் வழியில் 600-க்குக் கீழேயும் 10,000-க்கு மேலேயும் வெட்டு, லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் செய்தது போல. வார்த்தை மேலே மிதக்கும்.

மோனோவில் கிட்டார் பாதி காணாமல் போனது. அகலமாக்கும் ப்ளக்-இன் செய்த வேலை. அதை எடுத்துவிட்டு, இரண்டு தனி டேக்கை இடமும் வலமும் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 13, புதன்

மாஸ்டர் -14 லஃப்ஸ் (பாட்டின் மொத்த உரப்பை அளக்கும் அலகு), உண்மை உச்சம் -1. -8 வரை நசுக்கிக் கொடுத்தாலும் ஸ்பாட்டிஃபை 6 டெசிபல் இறக்கித்தான் ஒலிபரப்பும். நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

ஐஎஸ்ஆர்சி என்கிற அடையாள எண் 12 இடம்: நாடு, பதிவாளர், ஆண்டு, வரிசை எண். ஒலிப்பதிவுக்கு அது. பாட்டும் மெட்டும், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் தனியாகப் பதிய வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்துப் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. பதிந்தால்தானே பங்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

'மடித்துக் கட்ட' என்ற இடத்தில் 'க்க', 'ட்ட' இரண்டும் மைக்கில் குத்துகின்றன. வறட்சியாகப் பதிந்ததன் விலை. டி-எஸ்ஸர் இதற்கு உதவாது, அது 'ச', 'ஸ'வுக்கு. மைக்கை 20 டிகிரி போல் திருப்பி, வாய்க்கு நேராக இல்லாமல் மோவாய்ப் பக்கம் பார்க்க வைத்தால் தணியும். கம்பளியை இன்னும் அவிழ்க்கவில்லை. நாளை வெள்ளி, கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்று இரவே அந்த ஒரு வரியை மட்டும்