மொட்டை மாடியில் கரி அடுப்பு: தை முதல் ஐப்பசி வரை

தை

பார்பிக்யூ அடுப்பு வாங்கலாம் என்று முடிவானதும் வீட்டில் முதலில் பேசியது எந்த அடுப்பு என்பதைப் பற்றி அல்ல, எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான். சென்னையில் சின்ன அடுக்ககம், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. பால்கனி நாலடி அகலம். கொசுவலை அடித்து, சாரல் அடிக்காமல் இருக்கப் பாதிவரை கண்ணாடியும் போட்டிருக்கிறோம். இப்படிப்பட்ட இடத்தில் கரி மூட்டவே கூடாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகை அடங்கி, கங்கு மட்டும் அழகாகக் கனன்றுகொண்டிருக்கிற நேரத்திலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். சமைத்து முடித்த பிறகு பாதி அணைந்த அடுப்பை வீட்டுக்குள் தூக்கி வந்து வைப்பதும் அதே ஆபத்துதான். இதில் கொஞ்சம்கூடச் சமாதானம் செய்துகொள்ள முடியாது.

ஆக எங்கள் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்: பால்கனி என்றால் மின்சார கிரில், கரி என்றால் மொட்டை மாடி. கேஸ் கிரில்லை நான் அதிகம் யோசிக்கவில்லை. விலையும் கூட, அடைத்துக்கொள்ளும் இடமும் கூட, ஒவ்வொரு முறையும் சிலிண்டரை மாடிக்குத் தூக்க வேண்டும். தனி வீடும் தோட்டமும் இருப்பவர்களுக்கு அது நல்ல பொருள்.

மின்சார கிரில் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2,000 வாட் கிரில் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். பால்கனியில் பெரும்பாலும் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மாட்டினால் ஒயர் சூடேறி உருகும். ஏசிக்கோ கீஸருக்கோ போடுகிற 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். நண்பர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு பாயின்ட்டைப் பால்கனிக்கு இழுத்து, மின்சார கிரில்லில் பனீரும் குடைமிளகாயும் மிக நன்றாகச் சுடுகிறார். மழை நாளில் அவருக்குக் கவலை இல்லை. ஆனால் கரியின் மணம் அதில் வராது. எனக்கு வேண்டியிருந்ததோ அந்த மணம்தான். அதனால் அசோசியேஷனில் கேட்டு, மேல்தள வீட்டுக்காரர்களிடமும் சொல்லிவிட்டு, மொட்டை மாடி என்று முடிவு செய்தோம்.

கடையில் பார்த்தவற்றில் மலிவாக இருந்தது மூடி இல்லாத திறந்த தொட்டி. கடைக்காரர் அதைத்தான் காட்டினார். நான் எடுத்தது மூடியுள்ள உருண்டை அடுப்பு, கெட்டில் கிரில் என்பார்கள். இந்த வடிவம் பிறந்த கதை மொட்டை மாடிக்காரர்களுக்கு ரொம்பப் பொருந்தும். 1952-இல் சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், திறந்த அடுப்பில் காற்றும் சாம்பலும் படுத்திய பாட்டைத் தாங்க முடியாமல், அந்தப் பட்டறையில் செய்துகொண்டிருந்த கடல் மிதவையைப் பாதியாக வெட்டி, கீழ்ப்பாதியில் கரியும் மேல்பாதியை மூடியாகவும் வைத்தார். காற்றைச் சமாளிக்கத்தான் அந்த மூடி வந்தது.

வாங்கும்போது நான் பார்த்தவை: அடியில் ஒரு காற்றுத் துளை, மூடியில் ஒன்று, இரண்டையும் நகர்த்தித் திறந்து மூட முடிய வேண்டும். மூடி சரியாக உட்கார வேண்டும். கரித்தட்டுக்கும் மேல் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். தகடு கையால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. எங்கள் வீட்டில் நாலு பேர், அதற்கு 45 சென்டிமீட்டர் விட்டம் தாராளம். அதைவிடப் பெரியது வாங்கினால் ஒவ்வொரு முறையும் கரி வீணாகும்.

மாசி

கரி. இதற்கு விறகுக் கடையே போதும். நம் ஊரில் கிடைக்கிற அடுப்புக்கரி பெரும்பாலும் சீமைக்கருவேலம். ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பக்கத்தில் மூட்டம் போட்டு எடுப்பது. விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் புகைய விடுவார்கள். காற்றை அடைத்ததால்தான் அது சாம்பலாகாமல் கரியாகிறது. நம் அடுப்பில் அந்தக் காற்றைத் திறந்துவிடுகிறோம், அவ்வளவுதான் விஷயம்.

நல்ல கரியைக் கண்டுபிடிக்க இரண்டு துண்டைத் தட்டிப் பார்ப்பேன். 'டிங்' என்று வெண்கலப் பாத்திரம் போல ஒலித்தால் நன்றாக வெந்த கரி. 'பொத்' என்று ஒலித்து, உடைத்தால் உள்ளே பழுப்பாக இருந்தால் அது அரைவேக்காடு. கண்ணெரியப் புகையும், கறியில் கசப்பு ஏறும். மூட்டையின் அடியில் தங்கும் தூளையும் போடக் கூடாது, துளை அடைத்துக்கொள்ளும். தேங்காய்ச் சிரட்டைக் கரியை அரைத்து, மரவள்ளி மாவு கலந்து அச்சில் அழுத்திய கட்டிகளும் கிடைக்கின்றன. பற்ற நேரமாகும், பற்றிவிட்டால் பொறி பறக்காமல் நெடுநேரம் ஒரே சீராகக் கனலும். இப்போது நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன்: கருவேலங்கரி சீக்கிரம் சூடு தர, சிரட்டைக் கட்டி அந்தச் சூட்டைப் பிடித்துவைக்க.

காற்றை எப்படிக் கையாள்வது என்பதை எனக்குக் காட்டியவர் எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிற அண்ணன். இன்னமும் கரிப்பெட்டிதான் வைத்திருக்கிறார். ஒரு நாள் மாலை துணி கொடுக்கப் போனபோது, கங்கு மங்கியிருந்த பெட்டியைத் தூக்கி, துளை இருக்கிற பக்கம் காற்றைப் பார்க்கிற மாதிரி திருப்பிவைத்தார். விசிறவில்லை, ஊதவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே சிவப்பு ஏறியது.

"அண்ணே, அவ்வளவுதானா?" என்றேன்.

"காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் வாயக் காட்டணும் சார். சூடு அதிகமாப் போச்சுன்னா அப்படியே திருப்பிடணும். கரிய அள்ளி அள்ளிப் போட்டா துணிதான் கருகும்."

இதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பற்றவைக்க சிம்னி என்கிற தகரக் குழாய் இருக்கிறது: கீழே கசக்கிய செய்தித்தாள், கொஞ்சம் தேங்காய் நார், மேலே கரி. குழாயின் அடித்துளை காற்றைப் பார்த்திருந்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் மேல்கரிவரை வெண்சாம்பல் பூத்துவிடும். அதற்குப் பிறகுதான் கொட்ட வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்த வாடை கறியை விட்டுப் போகாது.

பங்குனி

கோழி. கரி முழுவதையும் அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தைக் காலியாக விடுவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கங்குக்கு நேர் மேலே வைத்தால் தோல் கருகும், எலும்போரம் ரத்தம் நிற்கும். காலிப் பக்கத்தில் வைத்து மூடியைப் போட்டால், சூடு சுற்றி வந்து உள்வரை வேகவைக்கும். லெக் பீஸ் அப்படி முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் இருக்கட்டும். கடைசியில் கங்குப் பக்கம் நகர்த்தி இரண்டு மூன்று நிமிடம் திருப்பிப் போட்டால் தோல் மொறுமொறுவென்று வரும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். துண்டுகளை நகர்த்தி மூடியைப் போட்டால் தீ தானாக அடங்கும்.

வெந்ததா என்பதை நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. முனையில் ஊசி உள்ள சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். தொடைக்கறியை 80-ஐத் தாண்ட விடுகிறேன், அப்போதுதான் எலும்பிலிருந்து பிடி விடுகிறது.

மசாலாவில் உப்புதான் முதல். கிலோவுக்கு 15 கிராம் உப்பு தடவி ஒரு மணி நேரம் வைத்த பிறகே மற்றவை. மிளகு, சோம்பு, பூண்டு, இஞ்சி, தயிர், கொஞ்சம் மிளகாய்த்தூள். வெங்காய விழுதும் சர்க்கரையும் சேர்த்தால் உள்ளே வேகும் முன் வெளியே கருகிவிடும். எலுமிச்சையை ஊறவைக்கும்போது பிழியாமல், இறக்கிய பிறகு பிழிகிறோம்; நெடுநேரம் புளிப்பில் கிடந்தால் கறி மாவு மாதிரி ஆகிவிடும். நல்லெண்ணெயைக் கறிவேப்பிலைக் கொத்தில் தொட்டுத் தடவினால் வாசனை மாடி முழுக்கப் பரவும்.

சித்திரை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வஞ்சிரம் விலை எட்டாது. நாட்டுப்படகில் வருகிற மத்தி, கானாங்கெளுத்தி அந்த நாட்களிலும் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் கிடைத்தன. கரி அடுப்புக்கு வஞ்சிரத்தைவிட இவைதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. மீனிலேயே எண்ணெய் இருப்பதால் சதை உலர்வதில்லை.

மீன் கம்பியில் ஒட்டாமல் இருக்க மூன்று விஷயம் வேண்டும். கம்பி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மீனின் மேல்தோலைத் துணியால் ஈரம் போகத் துடைத்திருக்க வேண்டும், போட்ட பிறகு அவசரப்படக் கூடாது. முதலில் பிடித்துக்கொள்ளும் தோல், நிறம் ஏறியதும் தானே விட்டுவிடும். கரண்டியை அடியில் நுழைத்துப் பார்த்து, விடவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். மத்தியின் தோல் உப்பி, குமிழ் குமிழாகப் பொன்னிறமாகி, வால்முனை சுருண்டு கருகும்போது எடுக்க வேண்டும். உப்பு, மஞ்சள், மிளகு போதும். பக்கத்தில் பழைய சோறும் சின்ன வெங்காயமும்.

ஆடி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கங்கு பறக்காதா? மூடி வாங்கியதன் பலன் இந்த மாதத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. மாடிச் சுவர் மறைப்பில், கடப்பாக்கல் மேல் அடுப்பை வைத்து, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் கொடியில் காயும் துணியிலிருந்தும் நன்றாகத் தள்ளிவிடுகிறேன். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கும். மூடியின் துளையை முழுக்கத் திறந்தே வைத்து, அடித்துளையை மட்டும் நகர்த்திச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிறேன். என் அடுப்பில் அடித்துளை முழுக்கத் திறந்தால் 230 டிகிரிக்கு மேல் போகும். பாதி மூடினால் 180 பக்கம் நிற்கும். ஒரு விரற்கடை மட்டும் விட்டால் 120-க்கு இறங்கும். பலத்த காற்றில் அந்தப் பாதியே முழுசுக்குச் சமமாகிவிடுவதால், துளை காற்று வருகிற பக்கத்தைப் பார்க்காதபடி அடுப்பைத் திருப்பிவைக்கிறேன். இஸ்திரிக்கார அண்ணனின் பாடம்தான்.

புகை மணத்துக்குக் காய்ந்த கொய்யா மரத்துண்டு ஒன்றிரண்டு கங்கின் மேல் போடுவேன். எந்த மரம் என்று தெரியாத குச்சியைப் போடக் கூடாது. அரளி விஷம், அதன் குச்சியில் கறி கோர்ப்பதுகூட ஆபத்து. பெயின்ட், வார்னிஷ் பட்ட பலகைத் துண்டுகளும் வேண்டாம்.

புரட்டாசி

வீட்டில் இந்த மாதம் சைவம். அம்மாவுக்கு இந்த அடுப்பு பிடித்துப்போனது அப்போதுதான். பெரிய கத்திரிக்காயைக் கம்பியில் வைக்காமல் கங்கின் மேலேயே போடச் சொன்னார். தோல் வெடித்து, காம்புப் பக்கம் அழுத்தினால் விரல் உள்ளே போகிற பதத்தில் எடுத்து, ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தார். ஆறியதும் தோல் ஒரே இழுப்பில் வந்தது. கூடவே சுட்ட தக்காளி, பச்சை மிளகாய், தோலோடு சுட்ட சின்ன வெங்காயம், புளி, உப்பு சேர்த்துக் கையாலேயே பிசைந்தார். "மிக்ஸியில போட்டா கூழாயிடும்டா" என்றார். நான் இந்த அடுப்பில் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த பண்டம் இதுதான், கோழியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் காலிப் பக்கத்தில் ஒரு மணி நேரம் மூடிவைத்தால் தோலுக்கடியில் பாகு கசியும். மக்காச்சோளத்தை மேல்மட்டையோடு சுட வேண்டும்.

ஐப்பசி

மழை தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறை முடிந்ததும் இரண்டு துளைகளையும் அடைத்துவிடுவது வழக்கம். காற்றில்லாமல் கங்கு அணையும், மீந்த கரி அடுத்த முறைக்கு உதவும். தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று தோன்றினாலும், ஒரு நாள் முழுக்கக் கழித்துத்தான் சாம்பலை அள்ளி மூடியுள்ள தகர டின்னில் போடுகிறேன். சாம்பலுக்குள் கங்கு மறைந்திருக்கும். கம்பியைச் சூடாக இருக்கும்போதே பாதி வெங்காயத்தால் தேய்த்தால் ஒட்டியது வந்துவிடும். கம்பி பிரஷ் நான் வைத்துக்கொள்ளவில்லை, அதன் இழை உதிர்ந்து சாப்பாட்டில் சேர்ந்தால் தொண்டையிலோ குடலிலோ குத்திவிடும். மழைக்காலத்துக்குச் சாம்பலை முழுக்கத் துடைத்தெடுத்தாயிற்று. ஈரத்தோடு சாம்பல் கிடந்தால் தகடு அரித்துவிடும். கம்பிக்கு எண்ணெய் தடவிப் படிக்கட்டு அறையில் வைத்திருக்கிறேன். கரி மூட்டையும் உள்ளேதான், நனைந்த கரி சரியாகப் பற்றாது.

தை பிறந்ததும் ஆட்டின் முன்னந்தொடை முழுசாக. 120 டிகிரியில், ஓரமாகக் கொய்யா விறகோடு, உள்ளே 90 தொடும்வரை நாலைந்து மணி நேரம். நடுநடுவே கரி சேர்க்க மேல் கம்பியில் ஓரமாக மடக்குக் கதவு வேண்டும், என்னுடையதில் அது இல்லை. பட்டறையில் வெட்டிப் போட்டுத் தரச் சொல்லி அளவு கொடுத்திருக்கிறேன்.