சாரையின் நிறமும் அதன் ஊரும்

வட அமெரிக்கச் சாரைப் பாம்புகளில், முட்டையிலிருந்து வந்து ஒரு வாரமான கறுஞ்சாரைக் குட்டியையும் மஞ்சள்சாரைக் குட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே சாம்பல் நிறம். முதுகில் வரிசையாகக் கரும்பழுப்புத் திட்டுகள், கண்ணிலிருந்து வாயோரம் வரை சாய்ந்து இறங்கும் ஒரு கருங்கோடு. டெக்சாஸ் சாரைக் குட்டியும், அலபாமாவின் சாம்பல்சாரைக் குட்டியும் ஏறக்குறைய இதே சட்டையில்தான் வரும். வளர்ப்பில் நடக்கும் பெயர்க் குழப்பங்களில் பாதி இந்த வயதில் தொடங்குகிறது.

சாரை என்றதும் தமிழில் நினைவுக்கு வருவது நம் ஊர்ச் சாரைப்பாம்பு, டியாஸ் மியூகோசா. இங்கே பேசுவது அதை அல்ல, வட அமெரிக்காவின் பாந்தெரோஃபிஸ் பேரினத்தை. அதிலும் முன்பு 'எலாஃபி ஆப்சொலீட்டா' என்ற ஒரே இனமாகக் கருதப்பட்ட கூட்டத்தை.

வடகிழக்கு மாநிலங்களிலும் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் வளர்ந்த பாம்பு கறுப்பு. மோவாய் மட்டும் வெள்ளை. கரோலினாக்களின் கடலோரச் சமவெளியில் தொடங்கி ஃப்ளோரிடா தீபகற்பம் வரை மஞ்சள் உடம்பில் நான்கு கருங்கோடுகள். இந்த இரண்டும் சந்திக்கும் பகுதியில் ஆலிவ் பச்சையில் மங்கலான கோடுகள்; வளர்ப்பாளர்கள் இதைப் பச்சைச்சாரை என்பார்கள். ஃப்ளோரிடாவின் மேற்கு நீட்சி, அலபாமா, மிசிசிப்பிப் பக்கம் போனால் குட்டிக் காலத்துத் திட்டுகள் கடைசிவரை நிற்கும் சாம்பல்சாரை. டெக்சாஸில் பழுப்பு மஞ்சள் உடம்பு, கரிய தலை, செதில்களுக்கு நடுவே செம்மஞ்சள் தோல்.

ஃப்ளோரிடாவின் தென்கோடிச் சதுப்புநிலமான எவர்கிளேட்ஸின் சாரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1949-இல் பாம்பு ஆய்வாளர் வில்ஃப்ரெட் நீல் இதற்கு 'ரோசாலெனி' என்று பெயர் வைத்தார். நல்ல ஆரஞ்சு உடம்பு. கோடுகள் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் உடம்பை விட்டுவிட்டு நாக்கைப் பாருங்கள். எவர்கிளேட்ஸ் சாரைக்கு நாக்கு சிவப்பு, மஞ்சள்சாரைக்குக் கறுப்பு. 'எவர்கிளேட்ஸ்' என்ற பெயரில் வந்த ஆரஞ்சுப் பாம்பு கருநாக்கை நீட்டினால் அதன் வம்சத்தில் மஞ்சள்சாரை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சதுப்புநிலத்தை வடித்து விளைநிலமாக்கிய பிறகு இந்தக் கலப்பு இயற்கையிலேயே நடந்திருக்கிறது. அதனால் கறுத்த நாக்கைப் பார்த்தவுடன் விற்றவரைப் பொய்யர் என்று சொல்லிவிடவும் முடியாது.

ஃப்ளோரிடாவின் லெவி கவுண்டியை (மாவட்டம் போன்ற பிரிவு) ஒட்டிய கல்ஃப் ஹாமக் சாரை இன்னும் விசித்திரம். சாம்பல் வெள்ளை உடம்பில் திட்டும் இருக்கும், கோடும் இருக்கும். காட்டில் இது மஞ்சள்சாரைக்கும் சாம்பல்சாரைக்கும் இடைப்பட்ட கூட்டம். அந்த இரண்டையும் ஒரு பெட்டியில் இணைத்தால் பிறக்கும் குட்டிகளும் இதே தோற்றத்தில் வளரலாம். காட்டில் பிறந்ததையும் பெட்டியில் பிறந்ததையும் கண்ணால் பிரிக்க வழியில்லை.

2000-ஆம் ஆண்டில் ஃப்ராங்க் பர்பிரிங்கும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கூட்டத்தின் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை (தாய்வழியாக வருவது) ஆராய்ந்தார்கள். நிறத்தை வைத்துப் பிரித்த துணையினங்கள் பரம்பரைக் கிளைகளோடு பொருந்தவில்லை என்பது அதில் தெரிந்தது. கறுப்பு என்பது ஒரே கிளையின் அடையாளம் அல்ல. தனித்தனிக் கிளைகளில் கறுப்பு வந்திருக்கிறது. ஆகவே ஒரு பாம்பின் நிறம் அதன் ஊரைக் காட்டும் குறிப்புதானே தவிர சான்று ஆகாது. வளர்ப்பில் இருக்கும் பாம்புக்கு எழுதி வைத்த பதிவைத் தவிர வேறு சான்று கிடையாது என்பதே என் உறுதியான கருத்து.

நிறம் மாறும் வேகத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கறுஞ்சாரை முழுக்கக் கறுக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அப்போதும் வயிறு நிறைய இரை விழுங்கித் தோல் விரியும்போது பழைய திட்டின் வெண்விளிம்பு செதில்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும். மஞ்சள்சாரையில் திட்டு மங்குவதும் கோடு எழுவதும் ஒரே காலத்தில் நடப்பதால், நடுவில் சில மாதங்கள் பாம்பு கல்ஃப் ஹாமக் மாதிரியே தெரியும். இந்தக் கட்டத்தில் எடுத்த படத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படம் எடுக்க ஒரு முறை வேண்டும். சட்டை உரித்து இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் எடுங்கள். உரிப்பதற்கு முன், கண்ணில் பால் படர்ந்த நாட்களில் ஆரஞ்சுகூட அழுக்குப் பழுப்பாகத் தெரியும். விளக்கின் ஒளி பகல் வெளிச்சம் போல, 5000 முதல் 5500 கெல்வின் வரை இருக்கட்டும். மஞ்சள் பல்புக்குக் கீழே எல்லா மஞ்சள்சாரையும் எவர்கிளேட்ஸ்தான். பாம்புக்குப் பக்கத்தில் 18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து அதைக் கொண்டு வெண்மையைச் சரிசெய்யுங்கள். கேமராவின் தானியங்கிச் சரிசெய்தல் ஆரஞ்சைத் தணித்துவிடும். நேர் ஃப்ளாஷ் கருஞ்செதிலில் பளபளத்து வடிவத்தை மறைக்கும். நடு உடம்பு, தலையின் பக்கவாட்டு, வயிறு, நீட்டிய நாக்கு என நான்கு படம் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதையே திரும்ப எடுங்கள்.

இனப்பெருக்கத்திலும் ஊர் குறுக்கே வரும். வடக்கத்திக் கறுஞ்சாரைக்கு 10 முதல் 13 டிகிரி செல்சியஸில் 8 முதல் 12 வாரக் குளிருறக்கம் பொருந்தும். தென் ஃப்ளோரிடா வகைகளுக்கு அவ்வளவு குளிர் வேண்டாம். 13 முதல் 16 டிகிரியில் 6 முதல் 8 வாரம் போதும். குளிரில் வைக்க இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இரையை நிறுத்திவிட வேண்டும், ஆனால் அதுவரை வெப்பத்தைக் குறைக்கக் கூடாது. குடல் காலியாகாமல் குளிரில் வைத்தால் உள்ளே கிடக்கும் இரை அழுகும், பாம்பு செத்துப்போகும்.

முட்டைகளுக்கு வெர்மிகுலைட்டும் (ஈரம் காக்கும் கனிமத் துகள்) தண்ணீரும் எடைக்கு எடை சமம், 27 முதல் 28 டிகிரி. சுமார் இரண்டு மாதத்தில் பொரியும். ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிய்க்காதீர்கள், புரட்டாதீர்கள். சூடு 32-ஐ நெருங்கினால் முதுகெலும்பு கோணிய குட்டிகள் வரலாம், திட்டுகளும் தாறுமாறாகலாம். அப்படி வந்த திட்டைப் புதிய ஊர்வகை என்று யாரும் விற்க வேண்டாம்.

ஒரு பெட்டியில் ஒரு தாயின் முட்டைகள் மட்டும். இரண்டு தாய்களின் முட்டைகளைச் சேர்த்து வைத்து, பொரிந்த குட்டிகள் கலந்துவிட்டால் எது யாருடையது என்று பிறகு பிரிக்க முடியாது. எல்லாமே சாம்பல் சட்டைதான். இன்னொரு ஆபத்து, பெண் பாம்பு விந்தைச் சேமித்து வைக்கும். கறுஞ்சாரைகளில் ஒரே ஈட்டு முட்டைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தந்தைகள் இருப்பதை மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. வேறு ஊர் ஆணோடு ஒருமுறை இணைந்த பெண்ணின் அடுத்த ஈட்டையும் 'தூய ஊர்வகை' என்று எழுதாதீர்கள்.

டெக்சாஸ் சாரையின் பால்வெள்ளை வகைக்கு வருவோம். இது ஒடுங்கு மரபணுவால் வருவது, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அந்த மரபணுவைச் சுமக்கும் இரண்டு சாதாரணப் பாம்புகளை இணைத்தால் சராசரியாக நான்கில் ஒன்று வெள்ளை. மீதி மூன்றில் இரண்டு சுமப்பவை. வெள்ளைப் பாம்பின் உடம்பில் திட்டோ கோடோ தெரியாததால் அதில் கலந்த வேற்றூர் ரத்தமும் தெரியாது. பிதுங்கிய கண் இந்த வம்சத்தில் அடிக்கடி வரும் குறை. கண் பிதுங்கியதை ஈனவிடாதீர்கள்.

பதிவு அட்டையில் மாநிலம், கவுண்டி, முதல் பாம்பு பிடிபட்ட ஆண்டு, எத்தனையாவது தலைமுறை, தாய் தந்தை எண், பொரிந்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஊர் தெரியாத மஞ்சள்சாரைக்கு 'மஞ்சள்சாரை, ஊர் தெரியாது' என்றே எழுதுங்கள். ஆரஞ்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே என்று அங்கே எவர்கிளேட்ஸ் என எழுதினால், அடுத்து வாங்குபவர் உண்மையான எவர்கிளேட்ஸ் பாம்போடு அதை இணைப்பார்.