சொன்னவுடன் நின்ற கை

2014-ஆம் ஆண்டு, எனக்கு 24 வயதாக இருந்தபோது, ராணிப்பேட்டைப் பக்கத்தில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலணித் தொழிற்கூடத்தில், மேலதிகாரி ஒருவரின் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானேன். நடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, நானே விரும்பி மணந்துகொண்ட ஒரு நல்ல மனிதரோடு என்னால் ஏன் நெருங்கி வாழ முடியவில்லை, பிறகு எது மாறியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

காதலித்த நாட்களில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. பாலாற்றுப் பாலத்தில் வண்டியில் போகும்போது அவர் தோளில் கை வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது. அங்கே தொட்டது என் கை. எடுக்க நினைத்தால் எடுத்துவிடலாம். இந்தச் சின்ன வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

திருமணமான பின், அவர் நெருங்கிய ஒவ்வொரு முறையும் உடம்பு கட்டையாகிவிடும். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அவர் முதலில் அதைக் கூச்சம் என்றும், பிறகு வெறுப்பு என்றும், ஒரு கட்டத்தில் என் மனத்தில் வேறு யாரோ இருப்பதாகவும் நினைத்தார். ‘விசேஷம் ஏதாவது உண்டா’ என்று அத்தை மாதந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்த மகளிர் மருத்துவர், உடம்பில் ஒரு குறையும் இல்லை, பயப்படாமல் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பயப்படாமல் இருப்பது எப்படி என்பதற்கு மட்டும் சீட்டில் மருந்து எழுதவில்லை.

2020-இல் ஊரடங்கு வந்து, ஷிப்ட் வேலையால் எங்களுக்குள் இருந்த இடைவெளியும் போயிற்று. ஓர் இரவு, அறுந்த செருப்பை அவரே ஒட்டி, காயட்டும் என்று கட்டிலுக்கு அருகில் வைத்திருந்தார். அந்த சொல்யூஷன் வாடை மூக்கில் ஏறியதும், நான் எழுந்து ஓடிக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டேன். அன்றைய தொழிற்கூடத்து அறையிலும் அதே வாடைதான் இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தபடியே, அந்தப் பக்கம் நின்றிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். முகம் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?” என்பதுதான். அடுத்து, அந்த ஆளைத் தேடிப் போகிறேன் என்று கிளம்பினார். அவருடைய கோபம் என்மீதுள்ள அன்பால் வந்ததுதான், ஆனாலும் அதையும் நானே உட்கார்ந்து ஆற்ற வேண்டியிருந்தது என்பதில் எனக்கு இன்றும் சிறு மனத்தாங்கல் உண்டு.

2021 ஜனவரியிலிருந்து பதினான்கு மாதங்கள், பெரும்பாலும் வியாழக்கிழமைகளில், முத்துக்கடையில் பேருந்து ஏறி வேலூரில் ஓர் உளவியல் ஆலோசகரைப் பார்த்தோம். கெட்ட கனவுகளுக்காக மனநல மருத்துவர் தந்த மாத்திரைகளைச் சில மாதங்கள் சாப்பிட்டேன். போகும்போது மேல்விஷாரம் வரை பேசிக்கொண்டு வருவோம். ரத்தினகிரி தாண்டியதும் இருவருமே மௌனமாகிவிடுவோம்.

ஆலோசகர் அம்மையார் எனக்கு முதலில் விளக்கியது உறைந்துபோதலைப் பற்றி. பேராபத்தில் உடல் எதிர்த்துப் போராடலாம், ஓடலாம், அசைவற்றும் போகலாம். இவற்றில் எது நிகழும் என்பதை நாம் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. அன்று கத்தாமல் இருந்ததால் நானும் உடந்தையோ என்று ஏழு ஆண்டுகளாக என்னையே விசாரித்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய விடுதலை. உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் இசைந்ததாகக் கொள்ளக்கூடாது என்று அப்போது நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின், 2013-இல் திருத்தப்பட்ட 375-ஆம் பிரிவிலேயே இருந்தது என்பதையும், இந்தக் குற்றத்துக்குப் புகார் தரக் காலவரம்பு கிடையாது என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். புகார் கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதால், செலவு அதற்குக் காரணமில்லை.

மற்றொன்று, நான் விரும்பினாலும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் தாமாக இறுகிக்கொள்வதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர் உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு என்பது. கணவருக்கு அன்று ஏற்பட்ட நிம்மதி முகத்திலேயே தெரிந்தது. எனக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றே அதுவரை நம்பியிருந்தார்.

ஆலோசகர் தந்த பயிற்சி எளிமையாக, கொஞ்சம் சிரிப்பு வரும்படிதான் இருந்தது. முதல் சில வாரங்களுக்கு உடலுறவே கூடாது என்பது விதி. விளக்கு எரிய வேண்டும். கால் மணி நேரம் ஒருவர் மற்றவரின் கையை, முழங்கை வரை மட்டும், தொட வேண்டும். பிறகு முறை மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகளைப் போல அவர் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்வார். காரணமே இல்லாவிட்டாலும், ஒவ்வொரு முறையும் ஒருமுறையாவது ‘நிறுத்துங்க’ என்று நான் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது கூடுதல் விதி. முதல் நாள் அந்தச் சொல் கரகரத்து வந்தது. மணிக்கட்டுக்கு அருகில் இருந்த அவர் கை சட்டென்று நின்றது. எடுக்கவா, அப்படியே வைத்திருக்கவா என்று தெரியாமல், பிடித்து வைத்தாற்போல் காற்றில் நின்ற அந்தக் கையைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொல்லி ஒன்று நின்றதை அன்றுதான் கண்டேன்.

முழங்கையிலிருந்து தோளுக்கு வர இரண்டு மாதங்கள் ஆயின. நடுவில் பழையபடி மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கிய இரவுகளும், “இது எப்பதான் முடியும்” என்று அவர் சலித்துக்கொண்டு மாடியில் போய்ப் படுத்த ஒரு வாரமும் உண்டு. புது செருப்போ, ஒட்டிய செருப்போ, இப்போது வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. பின்னாலிருந்து அணைக்க வந்தால், இரண்டடி முன்பே என் பெயரைச் சொல்லிவிட்டு வருகிறார்.

சென்ற ஆடியில் ஒருநாள், நானாக அவரை நெருங்கினேன். தலைவலியோடு படுத்திருந்தவர், “இன்னைக்கு வேணாம்மா” என்றார். பயிற்சியில் கற்றபடி கையை உடனே எடுத்துவிட்டேன்; ஆனால் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுக்களையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன். “வேணாம்னு சொல்ல எனக்கும் உரிமை உண்டா, இல்லையா?” என்று அறையிலிருந்து குரல் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுக்கைத் தட்டிப்போட்டுக் காபி வைத்தேன்.